மனுவின் படகில் ஏறியது யார்?



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மீனின் கதை. திருமாலின் பத்து அவதாரங்களைச் சொல் என்றால் நம் வீட்டுக் குழந்தைகூட மச்சம், கூர்மம் என்று தொடங்கிவிடும். சரி, அந்த மச்சம் என்னதான் செய்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சிலர், அசுரன் திருடிக்கொண்டு போன வேதங்களை மீட்டுக் கொடுத்தது என்பார்கள். சிலர், பெருவெள்ளத்தில் மனுவின் படகை இழுத்துக் கரை சேர்த்தது என்பார்கள். இரண்டுமே நூல்களில் உள்ளவைதான். ஆனால் இரண்டும் ஒரே நாளில் பிறந்த கதைகள் அல்ல. வெள்ளக் கதை மூத்தது. வேதத் திருட்டு பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் சொல்லப்பட்டபோது அந்த மீன் திருமாலாகவும் இல்லை!

நம்புவதற்குக் கொஞ்சம் சிரமம்தான். அதனால் நூல்களையே வரிசையாக எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொரு நூலையும் எடுக்கும்போது இரண்டே கேள்விகள் கேட்போம். படகைச் செய்தது யார்? படகில் ஏறியது யார்? இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், கதை எங்கே திரும்பியது, எதற்காகத் திரும்பியது என்பது தானாகத் தெரியும்.

முதல் நூல் சதபத பிராமணம். சுக்ல யசுர் வேதத்தைச் சேர்ந்தது. கிறித்து பிறப்பதற்கு ஆறேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது என்று ஆய்வாளர் பலர் கருதும் நூல். பெயரைக் கேட்டவுடன் பக்திக் கதைகள் நிறைந்த நூல் என்று நினைத்துவிட வேண்டாம். வேள்வியை எப்படி நடத்த வேண்டும், நெய்யை எப்போது விட வேண்டும், தர்ப்பையை எங்கே பரப்ப வேண்டும் என்று விளக்கும் வைதிகர்களின் கைந்நூல் அது. அந்த விளக்கங்களுக்கு நடுவில், முதல் காண்டத்தில், திடீரென்று ஒரு காலைப்பொழுது வருகிறது.

மனுவுக்குக் கைகழுவத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். கழுவுகிறார். கைக்குள் ஒரு மீன் வந்துவிடுகிறது. எந்த மீன், என்ன நிறம், ஒன்றும் சொல்லப்படவில்லை. மீன் பேசுகிறது. என்னை வளர்த்துவா, நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. மனு பதறவில்லை, கும்பிடவில்லை. எதிலிருந்து காப்பாற்றுவாய் என்று கேட்கிறார். ஒரு வெள்ளம் வரும், இந்த உயிர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போகும் என்கிறது மீன். சரி, உன்னை எப்படி வளர்ப்பது? இதுதான் மனுவின் அடுத்த கேள்வி. எவ்வளவு நிதானமான மனிதர் பாருங்கள்! உலகமே அழியப்போகிறது என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, மீன் வளர்ப்பதற்கு வழி கேட்கிறார்.

மீன் வழி சொல்கிறது. நாங்கள் சிறியவர்களாக இருக்கும்வரை எங்களுக்கு ஆபத்து அதிகம், மீனை மீனே தின்னும். முதலில் என்னைப் பானையில் வை, பானை போதாமல் போனால் பள்ளம் தோண்டி அதில் விடு, அதுவும் போதாமல் போனால் கடலில் கொண்டுபோய் விடு. அப்போது என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே வளர்கிறது. கடலுக்குப் போகும் முன், எந்த ஆண்டு வெள்ளம் வரும் என்று சொல்லி, படகு ஒன்று செய்து வைத்துக்கொள் என்கிறது.

மனு படகு செய்கிறார். வெள்ளம் வருகிறது. மீன் நீந்தி வருகிறது. அதன் கொம்பில் படகின் கயிற்றைக் கட்டுகிறார். வடக்கே உள்ள மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது மீன். படகை ஒரு மரத்தில் கட்டு, தண்ணீர் வடிய வடிய நீயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கு, மலைமேலேயே இருந்துவிடாதே என்று ஒரு படகோட்டியைப் போல அறிவுரை சொல்லிவிட்டு மீன் கதையை விட்டுப் போய்விடுகிறது. நான் இன்ன தெய்வம் என்று ஒரு வார்த்தை இல்லை. யார் அது? அந்த நூலுக்கு அது மீன். அவ்வளவுதான்.

படகைச் செய்தது யார்? மனு. படகில் ஏறியது யார்? மனு மட்டும். ஒரே ஓர் ஆள்.

அப்படியானால் மனித குலம் எப்படி மீண்டும் வந்தது? இதைச் சொல்லத்தான் அந்த வைதிகர் இந்தக் கதையையே எடுத்தார். தனியாக நின்ற மனு மக்கட்பேறு வேண்டித் தண்ணீரிலேயே நெய்யும் தயிரும் மோரும் விட்டு வழிபடுகிறார். ஓராண்டில் அதிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள். அவள் நடந்த அடிச்சுவட்டில் நெய் தேங்கி நிற்கிறது. வழியில் மித்திரனும் வருணனும் அவளைச் சந்தித்து, யார் நீ என்று கேட்கிறார்கள். மனுவின் மகள் என்கிறாள். எங்கள் மகள் என்று சொல்லேன் என்கிறார்கள். மாட்டேன், என்னைப் பெற்றவர் யாரோ அவருடைய மகள் நான் என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். அவள் பெயர் இடா. இடா என்பது வேள்வியில் படைக்கும் ஒரு நிவேதனத்தின் பெயரும்கூட. அந்த நிவேதனம் எதற்கு, அதற்கு அவ்வளவு பெருமை எப்படி வந்தது என்பதை விளக்கத்தான் வெள்ளம், மீன், படகு எல்லாம். வெள்ளக் கதை அங்கே முன்னுரை, சடங்குதான் பொருள்.

அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேவர்களை எதிரில் நிறுத்தி மறுத்துப் பேசிய பெண் அவள். இனி வரும் வெள்ளக் கதைகள் எதிலும் அவள் கிடையாது.

இரண்டாவது நூலுக்கு வருவோம். மகாபாரதம், வன பர்வம். பாண்டவர்கள் காட்டில் இருக்கிறார்கள். மார்க்கண்டேய முனிவர் வருகிறார். தருமன் பழங்கதைகள் கேட்க, அவர் சொல்லும் கதைகளில் ஒன்று இது. சொல்லுமிடம் மாறிவிட்டது, கவனித்தீர்களா? வேள்விச்சாலையை விட்டு இறங்கிய கதை, நாட்டை இழந்து காட்டில் உட்கார்ந்திருக்கும் அரசன் ஒருவனிடம் வருகிறது. எல்லாம் போனபின் எது மிஞ்சும் என்று கேட்கிற நிலையில் இருப்பவனிடம் வருகிறது.

மனுவும் மாறிவிட்டார். கைகழுவிக்கொண்டிருந்த வீட்டு மனிதர் இங்கே பெருந்தவசி. பதரியில் ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தி, பதினாயிரம் ஆண்டு தவம் செய்கிறார். மீன் கேட்பதும் மாறிவிட்டது. முன்பு அது பேரம் பேசியது: நீ என்னை வளர், நான் உன்னைக் காக்கிறேன். இங்கே முதலில் கேட்பது அடைக்கலம். வலிய மீன்கள் எளிய மீன்களைத் தின்கின்றன, அதுதான் எங்களுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை, இந்தப் பயவெள்ளத்திலிருந்து என்னைக் காப்பாற்று என்கிறது. மனுவின் மனம் இரங்குகிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பது நம் நாட்டு அரசியல் சிந்தனையில் மிகப் பழைய கருத்து. மச்ச நியாயம் என்று சொல்வார்கள். கௌடலியரின் அர்த்தசாத்திரம் என்ன சொல்கிறது? மச்ச நியாயத்தால் வாடிய மக்கள் ஒருவரைத் தங்களுக்கு அரசராக்கிக்கொண்டார்கள்; விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அவருக்கு என்று முடிவு செய்தார்கள். யாரை அரசராக்கினார்கள்? வைவஸ்வத மனுவை, நம் கதையின் அதே மனுவை! மகாபாரதத்தின் சாந்தி பர்வமும் இதையே சொல்கிறது. நீரில் மீன்களைப்போல ஒருவரை ஒருவர் தின்று அழிந்துகொண்டிருந்த மக்களுக்கு மனுவே அரசரானார் என்கிறது. இப்போது அந்தக் குட்டி மீனைத் திரும்பிப் பாருங்கள். அது போய் நின்றது யாருடைய கையில்? எளியவனை வலியவன் தின்னாமல் காப்பதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் முதல் அரசரின் கையில். குடிகளின் முதல் மனுவை மனுவிடம் கொடுத்தது ஒரு மீன் என்று சொல்லலாம். இந்தத் தொடர்பை அந்த ஆசிரியர்கள் திட்டமிட்டுத்தான் வைத்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இரண்டு கதையும் ஒரே மண்ணில், ஒரே மனுவைப் பற்றி, ஒரே பயத்தைச் சொல்லி வளர்ந்தவை என்பதை மறுக்க முடியாது.

மீன் வளர்கிறது. குடத்திலிருந்து இரண்டு யோசனை நீளமுள்ள குளத்துக்கு, குளத்திலிருந்து கங்கைக்கு, கங்கையிலிருந்து கடலுக்கு. ஒவ்வொரு முறையும் மனு தாமே தூக்கிக்கொண்டு போகிறார். குளம் கொள்ளாத மீனை ஒரு மனிதர் எப்படித் தூக்குவார்? கதை கேட்பவன் கட்டாயம் கேட்பான். மகாபாரதம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிதாக இருந்தும் அது அவர் நினைத்தபடி தூக்கக்கூடியதாக இருந்ததாம். தொடுவதற்கும் இதமாக இருந்ததாம். மணமும் நன்றாக இருந்ததாம்! மீன் நாற்றம் என்ற ஒன்றை அந்தக் கவி மறக்கவே இல்லை. மீனைச் சுமந்தவருக்குத் தெரியும் என்ன மணம் வருமென்று. இது சாதாரண மீன் இல்லை என்பதற்கு அவர் கொடுக்கும் முதல் அடையாளம் மூக்குக்குத்தான் எட்டுகிறது. தெய்வம் என்று அறிவிப்பதற்கு வெகு முன்பே!

வெள்ளம் வரும் காலத்தையும் மீன் சொல்கிறது. உலகங்களைக் கழுவித் துடைக்கும் காலம் நெருங்கிவிட்டது என்கிறது. உறுதியான படகு ஒன்று செய், கயிறு கட்டு, ஏழு முனிவர்களோடு ஏறு, எல்லா வித்துகளையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக்கொள். வித்துகளைக் கலந்துவிடாமல் தனித்தனியே என்று சொல்வதில் ஓர் உழவனின் குரல் கேட்கிறது எனக்கு. பிறகு வெள்ளம். வானம் இல்லை, திசை இல்லை, எங்கும் நீர். அதில் தெரிவது ஏழு முனிவர்கள், மனு, மீன். பல ஆண்டுகள் சளைக்காமல் இழுத்து, இமயத்தின் உயர்ந்த சிகரத்தில் படகைக் கட்டச் சொல்கிறது மீன். அந்தச் சிகரத்துக்கு நௌபந்தனம் என்று பெயர்.

அப்போதுதான் மீன் தன்னை வெளிப்படுத்துகிறது. நான் யார் தெரியுமா என்கிறது. அவையோரே, இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நான் பிரம்மா, பிரஜாபதி, எனக்கு மேல் ஒருவர் இல்லை என்கிறது! மகாபாரதத்தின் இந்த அத்தியாயத்தில் மீன் திருமால் இல்லை, நான்முகன். படைப்புக்கு அதிபதி பிரஜாபதி என்ற வேதகால நினைவு இன்னும் ஆறாமல் இருந்த காலத்தின் குரல் அது.

படகைச் செய்தது யார்? இன்னும் மனுதான். ஏறியது யார்? மனு, ஏழு முனிவர்கள், வித்துகள். இடா எங்கே? இல்லை. இங்கே மனு தவத்தால் உயிர்களைப் படைக்கிறார். பெண் தேவைப்படவில்லை. மகள் கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டாள். பிற்காலப் புராணங்களில் அவள் இளை என்ற பெயரில், ஆணாகவும் பெண்ணாகவும் மாறிமாறி வாழ்ந்த வேறொரு கதையின் நாயகியாகி, புரூரவசைப் பெற்றுச் சந்திர குலத்தின் தாயாகிறாள். அவளுக்குப் பெரிய வாழ்வு கிடைத்தது உண்மை. ஆனால் வெள்ளத்துக்குப் பிந்திய முதல் மனுஷி என்ற இடம் பறிபோய்விட்டது.

மூன்றாவது, மச்ச புராணம். மீனின் பெயரிலேயே ஒரு புராணம். இங்கே மனு, மகனிடம் நாட்டை ஒப்படைத்துவிட்டுத் தவம் செய்ய வந்த அரசர். எங்கே தவம் செய்கிறார்? மலய மலையின் ஒரு பகுதியில். வடமொழி நூல்கள் மலயம் என்று சொல்வது தென்னாட்டு மலையை; நம் பொதிகையும் அந்தத் தொடரில்தான் எண்ணப்படுகிறது. கதை விந்தியத்தைத் தாண்டிவிட்டது! பிரம்மா தோன்றி என்ன வரம் வேண்டும் என்கிறார். பிரளயம் வரும்போது அசைவன, அசையாதன எல்லாவற்றையும் காக்கும் வல்லமை வேண்டும் என்கிறார் மனு. சதபத பிராமணத்து மனுவுக்கு வெள்ளம் வரப்போவதே தெரியாது. இந்த மனு, வரப்போகும் வெள்ளத்துக்கு முன்கூட்டியே பொறுப்பேற்றுக்கொள்கிறார். அரசன் என்றால் யார் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

முன்னோருக்குத் தர்ப்பணம் விடும்போது கையில் ஒரு கெண்டைக் குஞ்சு விழுகிறது. கமண்டலத்தில் விடுகிறார். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தால் 16 விரல் நீளம். பானையில் விட்டால் ஓர் இரவில் மூன்று முழம். பிறகு கிணறு, ஏரி, கங்கை, கடல். கடலையும் அது நிறைத்தபோது மனு நடுங்குகிறார். நீ அசுரனா, வாசுதேவனா, வேறு யாரால் இப்படி வளர முடியும் என்று கேட்டு, கேசவா, உன்னைத் தெரிந்துகொண்டேன் என்று வணங்குகிறார். பிரம்மா இருந்த இடத்தில் திருமால் வந்துவிட்டார். பிரம்மா எங்கே போனார்? தொடக்கத்தில் வரம் கொடுப்பவராக நிற்கிறார். மீனுக்குள் இருந்தவர் மேடையின் ஓரத்துக்குப் போய்விட்டார்.

இப்போது நம் கேள்வி. படகைச் செய்தது யார்? தேவர்கள்! உயிர்களைக் காப்பதற்காகத் தேவர் கூட்டம் செய்து வைத்த படகு இது என்று மீனே சொல்கிறது. மனுவின் கையிலிருந்து உளியும் சுத்தியலும் போய்விட்டன. கயிறு? ஒரு பாம்பு கயிறாக வந்து சேர்கிறது. ஏறியது யார்? வேர்வையில் தோன்றுவன, முட்டையில் தோன்றுவன, வித்தில் தோன்றுவன, கருவில் தோன்றுவன என்று நால்வகை உயிர்களும். மனுவே யோகத்தால் அவற்றை இழுத்துப் படகில் ஏற்றுகிறார்.

படகில் இன்னொன்றும் ஏறியது. பேச்சு! வெள்ளத்தில் மிதந்துகொண்டே மனு கேள்வி கேட்கிறார், மீன் பதில் சொல்கிறது. உலகம் எப்படித் தோன்றியது, அரசர் குலங்கள் எவை, தானங்கள் எவை, கோயில் எப்படிக் கட்ட வேண்டும், தெய்வத் திருமேனி எந்த அளவில் இருக்க வேண்டும். அந்தப் பதில்களின் தொகுப்புதான் மச்ச புராணம் முழுவதும். பிரளயத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு கோயில் கட்டும் அளவுகளைக் கேட்டுக்கொள்ளும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வரும். ஆனால் அந்தப் புராணக்காரருக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபின் மறுபடியும் கட்ட வேண்டுமே! 

இங்கே ஒரு நிமிடம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். வெள்ளக் கதை நமக்கு மட்டும் உரியது அன்று. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர், களிமண் பலகைகளில் இருந்த பாபிலோனிய வெள்ளக் கதையை லண்டனில் படித்துக் காட்டியபோது ஐரோப்பாவே பரபரத்தது, விவிலியத்து நோவாவின் கதைக்கு அதில் மூத்த வடிவம் இருந்ததால். அங்கிருந்து இங்கே வந்ததா, தனியே பிறந்ததா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு அதைவிட ஒரு வேறுபாடுதான் பெரிதாகப் படுகிறது. நோவாவின் வெள்ளம் மனிதரின் பாவத்துக்குத் தண்டனை. மெசபொட்டேமியாவின் அத்ரகாசிசு கதையில் மனிதரின் இரைச்சல் பொறுக்காமல் தேவர்கள் வெள்ளத்தை ஏவுகிறார்கள். சதபதத்தில் காரணமே இல்லை. வெள்ளம் வரும், அவ்வளவுதான். பாரதத்தில் அது உலகைக் கழுவும் காலம். புராணங்களில் பிரம்மாவின் பகல் முடிந்து இரவு வருவது. நம் கதையில் யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. அதனால்தான் தப்பிப் பிழைப்பவன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. பொறுப்பு ஏற்பவனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, நம் மண்ணுக்கே வந்துவிடுவோம். பாகவத புராணம், எட்டாம் கந்தம், கடைசி அத்தியாயம். 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், தென்னாட்டுப் பக்தி இயக்கத்தின் வெப்பத்தில் உருவான நூல் என்று ஆய்வாளர் பலர் கருதுவது. ஆழ்வார்கள் மீன் அவதாரத்தைப் பாடி முடித்த மண்ணில் இந்த மீன் எப்படி நீந்துகிறது?

முதல் வேலையாக, பாகவதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அரசன் பரீட்சித்து ஒரு கேள்வி கேட்கிறான். எல்லாரும் அருவருக்கும் மீன் வடிவத்தை இறைவன் ஏன் எடுத்தார்? பாருங்கள், மகாபாரதம் மணத்தைச் சொல்லி மறைத்த சங்கடத்தை, பாகவதம் பரீட்சித்தின் வாயில் வைத்து வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறது. கதை சொல்லும் சுக முனிவரின் பதில்: காற்று உயர்ந்த இடத்திலும் தாழ்ந்த இடத்திலும் வீசினாலும் உயர்வு தாழ்வு காற்றில் ஒட்டுவதில்லை, இறைவனும் அப்படித்தான். ஒரு கோயில் வாசலில் எழுதிப்போட வேண்டிய பதில் இது. மீனுக்குள் இறைவன் இருக்கலாம் என்றால் வேறு எதற்குள் இருக்கக் கூடாது?

அடுத்து அரசன். பெயர் சத்தியவிரதன். பாகவதம் அவனைத் திராவிட நாட்டு அரசன் என்று சொல்கிறது. அவன் தர்ப்பணம் விட்ட ஆறு கிருதமாலா. மதுரைக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்! நாகமலைப் பக்கத்தில் தொடங்கி மதுரை வழியாக ஓடும் கிருதுமால் நதிதான் அது என்பது அங்கே வழங்கும் மரபு. பாண்டியரின் மீன் கொடிக்கே இந்தக் கதைதான் காரணம் என்றும் அங்கே சொல்வார்கள். கொடி மூத்ததா, கதை மூத்ததா என்று கேட்டால் நான் கொடியின் பக்கம்தான் நிற்பேன். சங்க காலத்திலேயே பாண்டியருக்கு மீன் சின்னம் உண்டு. அவர்கள் காசிலும் மீன் உண்டு. பாகவதம் வெகு பின்னால் வந்தது. வடக்கே இமயத்தில் கரையேறிய ஒரு மீன், மீன் கொடி பறக்கும் நாட்டைத் தேடி வந்து குடியேறியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தக் காட்சியைப் பாருங்கள். அரசன் இடுப்பளவு நீரில் நிற்பதாக நாம் நினைத்துக்கொள்ளலாம். இரு கை சேர்த்து அள்ளிய நீரில் ஒரு கெண்டை துள்ளுகிறது. அவன் என்ன செய்கிறான்? ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்? ஆற்று மீனை ஆற்றில் விடுவது இரக்கம்தானே? மீன் முறையிடுகிறது: ஏழை எளியோரிடம் அன்புள்ளவன் என்று பெயர் வாங்கிய நீ, இனத்தை இனமே கொல்லும் இந்த ஆற்றிலா என்னைத் தள்ளுகிறாய்? அடுத்தவன் துன்பத்தை அவன் இடத்திலிருந்து பார்க்காத இரக்கம் எப்படித் தவறிப்போகும் என்பதை ஒரு கெண்டை மீன் அரசனுக்குக் கற்றுக் கொடுக்கிறது. இந்த ஒரு நொடி முந்தைய நூல்களில் இல்லை. பாகவத ஆசிரியரின் சொந்தச் சரக்கு இது. வெள்ளத்தை விட எனக்கு இதுதான் பெரிய இடம்.

பிறகு எல்லாம் விரைந்து நடக்கிறது. ஒரு முகூர்த்தத்தில் மூன்று முழம். இன்றிலிருந்து ஏழாம் நாள் வெள்ளம். படகைச் செய்தது யார்? நான் அனுப்பும் படகு உன்னிடம் வரும் என்கிறது மீன். சத்தியவிரதன் தர்ப்பையைப் பரப்பி, வடகிழக்கு நோக்கி அமர்ந்து, திருவடியை நினைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கயிறு, வாசுகி. அரசனுக்கு எஞ்சியிருக்கும் வேலை அந்தக் கயிற்றைக் கட்டுவது ஒன்றுதான். ஏறியது யார்? மூலிகைகள், வித்துகள், ஏழு முனிவர்கள், உயிர்கள். அவர்களோடு தத்துவம். படகில் மீன் அரசனுக்குத் தன்னை அறியும் ஞானத்தைச் சொல்கிறது. அந்தச் சத்தியவிரதனே இந்த மன்வந்தரத்தின் வைவஸ்வத மனு.

இதே அத்தியாயத்தில்தான் திருடனும் வருகிறான். உறங்கப்போன பிரம்மாவின் வாயிலிருந்து நழுவிய வேதங்களை அயக்கிரீவன் என்ற தானவன் கவர்ந்துகொள்கிறான். மீன் அவனைக் கொன்று வேதங்களை மீட்கிறது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி, கடைசியில் இரண்டு வரி. நடுவில் அவனைப் பற்றி மூச்சே இல்லை. பழைய வேட்டிக்குப் புதுக் கரை தைத்த மாதிரி அது தனியாகத் தெரிகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாந்தி பர்வத்தில் மது, கைடபரிடமிருந்து வேதங்களை மீட்பவர் குதிரைமுகம் கொண்ட திருமால். அவரும் அயக்கிரீவர்! திருவஹீந்திரபுரத்துக் குன்றின்மேல் நாம் வணங்குபவர். ஒரு நூலில் திருடனின் பெயர், இன்னொன்றில் மீட்டவரின் பெயர்.

வேட்டி பழசு, கரை புதுசு; ஆனால் போகப் போகக் கரைதான் முழு வேட்டியாகிவிட்டது. பத்ம புராணத்தில் திருடன் சங்காசுரன். நம் பக்கத்தில் சோமுகாசுரன். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரம் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரால் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணர் இடைக்குக் கீழே மீன் வடிவாக நிற்கிறார். தலபுராணம் சோமுகாசுரனையும் வேதங்களையும்தான் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் செயதேவர் கீதகோவிந்தத்தின் தொடக்கத்தில் பத்து அவதாரங்களைப் பாடினார். அங்கே முதல் அவதாரமான மீனே பிரளயக் கடலில் படகின் வேலையைப் பார்க்கிறது, சுமப்பது வேதங்களை.

படகைச் செய்தது யார்? படகே இல்லை, மீன்தான் படகு. ஏறியது யார்? வேதங்கள். மனு? மனு இல்லை!

அன்பர்களே, ஒரே ஒரு மனிதனைக் காப்பாற்ற வந்த மீன், கடைசியில் அந்த மனிதனையே கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. மீன் வளர வளர மனுவின் கைவேலை குறைந்தது. முதலில் பள்ளம் தோண்டினார், படகு செய்தார், கயிறு கட்டினார். அப்புறம் படகு தேவர்களிடமிருந்து வந்தது, கயிறு பாம்பாயிற்று. கடைசியில் அவரே தேவைப்படவில்லை. ஒவ்வொரு காலமும் எதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சியதோ, அதைப் படகில் ஏற்றியது. வேள்விக்காரர்கள் சடங்கை ஏற்றினார்கள், பாரதக்காரர் வித்தை ஏற்றினார், புராணக்காரர்கள் கோயிலையும் ஞானத்தையும் ஏற்றினார்கள், பிற்காலத்தவர் நூலை ஏற்றினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் இடைச்செருகல், எல்லாம் கட்டுக்கதை என்று யாராவது புறப்பட்டால் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிந்தி வந்ததெல்லாம் கெட்டது என்பதும் இல்லை. ஆற்றில் விட்ட மீன் முறையிடும் அந்த இடம் பிந்தி வந்ததுதான், இருப்பதிலேயே ஆழமானது அதுதான். ஆனால் எனக்கு மனுக்களில் யார் வேண்டும் என்று கேட்டால் சதபதத்து மனுவைத்தான் சொல்வேன். மீன் யாரென்று தெரியாமலே அதை வளர்த்தார். கூலி கிடைக்குமா என்று உறுதியில்லாமலே பானை மாற்றினார். படகைத் தம் கையால் செய்தார். அவர் மகளும் யாருக்கும் தலை குனியாதவள்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். யாரோ சொன்ன சுருக்கத்தை நம்பாதீர்கள், நான் சொன்னதையும் சேர்த்துத்தான். மகாபாரத வன பர்வத்தில் மார்க்கண்டேயர் சொல்லும் பகுதி கும்பகோணம் பதிப்பில் தமிழில் இருக்கிறது. பாகவதம் எட்டாம் கந்தத்தின் இறுதி அத்தியாயம் நல்ல உரைநடையில் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாலையில் படித்துவிடலாம். மதுரைக்குப் போகிறவர்கள் கிருதுமால் நதி எங்கே என்று கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். நகரத்துக்குள் பெரும்பகுதி இன்று கழிவுநீர் ஓடும் வாய்க்காலாக இருக்கிறது. சத்தியவிரதனின் கையில் மீன் வந்த ஆறு என்று பெருமை பேசுகிறவர்கள், முதலில் அதில் மீன் வாழும்படி செய்ய வேண்டும். அதற்கு மதுரைக்காரர்கள் குரல் கொடுங்கள்.